உருக்குமுன் ஒருமுறை வாசியுங்கள்

பொன் என்ற சொல் காதில் விழுந்ததும் கண் மங்கிப்போவது நமது பழைய வியாதி. பழைய கணினிகளுக்குள் பொன் இருக்கிறது என்ற செய்தி மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, பதுளையிலும் பண்டாரவளையிலும் பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் ஒரு புதிய பண்டம் ஏறியிருக்கிறது. புரொசசர். அதன் முகத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு வரிகளை ஒருவரும் வாசிப்பதில்லை. கிலோ என்ன விலை என்பதே கேள்வி. ஊவாவின் பருவத் தேயிலையை, பெட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் தோட்டப் பெயரையும் தரத்தையும் பாராமல், சருகு என்று சொல்லி யாராவது அடுப்பில் போடுவார்களா? புரொசசர் விடயத்தில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இலங்கைப் பாடநூல்கள் இதனை 'முறைவழியாக்கி' என்கின்றன. தமிழகத்தார் 'செயலி' என்றார்கள். அந்தச் சொல்லைக் கைப்பேசியின் 'ஆப்' அபகரித்துக்கொண்டுவிட்டது. பதுளைக் கடையில் சொல்வதுபோல் நானும் புரொசசர் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

கணினியின் கணக்கெல்லாம் நடக்கும் சில்லு அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நான் இவற்றைச் சேர்த்து வருகிறேன். கலைப்பட்டதாரிக்கு இது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. பத்திரிகைக் கந்தோரில் ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். பாமினி எழுத்துருவில் தலைப்புகளைக் கோத்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைக்கப்பட்டதையும் கண்டவன். கல்வெட்டைப் படியெடுப்பவனுக்கும் பழைய நாணயத்தைத் திருப்பிப் பார்ப்பவனுக்கும் இருக்கும் அதே ஆசைதான் இது. எழுத்து இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தால் அது பேசுகிறது.

பதுளைப் பட்டினத்துக்கு வெளியே ஒரு கடை. உரப்பைகளில் கணினிப் பலகைகள் குவிந்திருக்கின்றன. ஒரு பையன் குந்தியிருந்து புரொசசர்களைப் பெயர்த்தெடுத்து நான்கு வாளிகளில் போடுகிறான். தங்க மூடி ஒன்றில், சாம்பல்நிறப் பீங்கான் ஒன்றில், பச்சைத் தகடு ஒன்றில், கறுப்புப் பிளாஸ்திக் ஒன்றில். "என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாயா தம்பி?" என்றேன். "எழுத்துக்கு வெல இல்ல சேர், நெறத்துக்குத்தான் வெல" என்றான். அவனில் குற்றம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். குற்றம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடமும், எழுதப்படிக்கத் தெரிந்தும் வாய்மூடியிருக்கும் நம்மிடமும் இருக்கிறது.

அந்தப் பொன்னின் கதையைச் சற்றுப் பார்ப்போம். பழைய பீங்கான் புரொசசர்களின் மூடியிலும் கால்களிலும் இருப்பது முலாம். மைக்ரோன் கணக்கில் சொல்லவேண்டிய தடிப்பு. உள்ளே முடியிலும் மெல்லிய கம்பிகள் சில. பொன் பிரிப்போர் மிகவும் விரும்புவது 1995இல் வெளிவந்த பென்டியம் புரோ. பெரிய பீங்கான் உடல், அடியில் நிறையக் கால்கள். அதில்கூட இருப்பது ஒரு கிராமின் சிறு பகுதிதான். ஒன்றை உருக்கினால் கைக்குழந்தையின் தோட்டுக்கும் காணாது. ஆகவேதான் கிலோ கணக்கு. அதைப் பிரிக்க நைத்திரிக் அமிலமும் இராசதிராவகமும் வேண்டும். அவற்றிலிருந்து எழும் கபில நிறப் புகை நுரையீரலைத் தின்னும். மிஞ்சும் நீர் எங்கே போகும்? கானுக்குள். கான் எங்கே போகும்? பதுளை ஓயாவுக்கு. பதுளை ஓயா மகாவலிக்கு. இணையத்தில் இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கோடிப்புறத்தில் அமிலச் சட்டி வைக்க நினைப்பவர்கள், அந்தக் காணொளியை எடுத்தவன் காட்டாமல் விட்டது என்ன என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

இதற்கு நேரெதிரான மடமை ஒன்றும் உண்டு. கஜமுத்து, வலம்புரிச் சங்கு, அரிசி இழுக்கும் செம்பு என்று ஏமாந்த பரம்பரையல்லவா நாம்? பழைய புரொசசர் ஒன்றுக்குப் பல இலட்சம் தருகிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, எல்லா வீட்டிலும் கிடந்த ஒரு சாதாரண 486ஐப் பட்டுத்துணியில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். 486 உலகம் முழுதும் கோடிக்கணக்கில் விற்ற சரக்கு. எல்லாவற்றையும் உருக்குபவனுக்கும் எல்லாவற்றையும் பூசிப்பவனுக்கும் குறை ஒன்றே: இருவரும் வாசிப்பதில்லை.

வாசிப்பது பெரிய வித்தை அன்று. தேயிலைப் பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. என்ற தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை எல்லாம் வரிசையாக இருக்கும். ஸ்டோரில் வேலைசெய்த எவருக்கும் அது தலைகீழாகத் தெரியும். புரொசசரின் முகமும் அப்படித்தான். இன்டெல் சில்லு என்றால் இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்தை முதலில் பாருங்கள். 'சி' என்றால் பீங்கான் உடலும் பொன் மூடியும். 'டி' என்றால் இரண்டு பீங்கான் தகடுகளைக் கண்ணாடிப் பசையால் ஒட்டிய கறுத்த உடல். 'பி' என்றால் பிளாஸ்திக். 'ஏ' என்றால் அடிப்புறம் முழுதும் கால்கள் நிற்கும் சதுரப் பீங்கான். ஒரே இலக்கம், வேறு எழுத்து, வேறு கதி. 1971 நவம்பரில் வெளிவந்த இன்டெல் 4004, ஒரே சில்லில் அடங்கிக் கடைக்கு வந்த முதல் புரொசசர் என்று போற்றப்படுவது. ஜப்பானின் பிசிகொம் கணிப்பான் கம்பனிக்காகச் செய்யப்பட்டது, 2,300 திரான்சிஸ்டர்கள், 16 கால்கள். அதன் பிளாஸ்திக் வடிவம் ஒரு விலை. வெள்ளைப் பீங்கானில், உள்ளே ஓடும் சாம்பல்நிறக் கோடுகள் வெளியே தெரியும் ஆரம்ப வடிவம் வேறு விலை. ஆயிரம் டொலருக்கு மேலும் போயிருக்கிறது. இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை வர்த்தமானியில் காண்பதற்கு நம் மக்கள் எத்தனை வருடம் வீதியில் நின்றார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சில்லு அந்தப் பையனின் வாளியில் விழுந்திருந்தால், 'தங்க மூடி, சின்னது'.

பதுளையில் 4004 கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பதைப் பற்றிப் பேசுவோம்.

மிகவும் அகப்படுவது 8088. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் புரொசசர். அதன் முதுகில் இன்டெல் பெயருக்குப் பக்கத்தில் '1978' என்று இருக்கும். 'நாற்பது வருடத்துக்கும் மேலான சாமான், 78இல் செய்தது' என்று விற்பவர் சத்தியம் செய்வார். அது பதிப்புரிமை ஆண்டு. 1987இல் வார்த்த சில்லிலும் 1978 என்றே இருக்கும். புத்தகத்தின் முதற்பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டுப் பத்தாம் பதிப்பை முதற்பதிப்பு என்று விற்பதற்கு இது சமம். உற்பத்தித் திகதி வேறு வரியில் இருக்கும். பல கம்பனிகள் நான்கு இலக்கமாக அச்சிடும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு கிழமை. 8723 என்றால் 1987இன் 23ஆம் கிழமை. இன்டெலின் பிற்காலத் தொகுதி இலக்கத்தில் முதலாவது குறி ஆலை, இரண்டாவது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் கிழமை. ஆண்டுக்கு ஓர் இலக்கம் மட்டுமே என்பதால் 5 என்பது 1985ஆ 1995ஆ என்ற மயக்கம் வரும். அந்தப் புரொசசர் எப்போது சந்தைக்கு வந்தது என்று தெரிந்தவனுக்கு மயக்கம் இல்லை.

இன்னொரு 8088. மேலே ஏ.எம்.டி.யின் முத்திரை, கீழே 'பதிப்புரிமை இன்டெல் 1978'. கடைக்காரர், "இது டூப்ளிகேட் சேர்" என்று ஒதுக்கிவிடுவார். போலி அன்று. ஒரே கம்பனியை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை, இன்னொருவரும் செய்து தரவேண்டும் என்றது. அதனால் 1982இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் உடன்பாடு செய்தன. பிற்காலத்தில் அந்த இரண்டு கம்பனிகளும் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டின. கூடிக்குலாவிய காலத்தின் கலியாணப் பத்திரிகை அந்த இரண்டு வரி.

386க்கு வருவோம். 1985இல் வந்தது. 1987இல் அதன் 32 பிட் பெருக்கலில் பிழை இருப்பது தெரியவந்தது. இன்டெல் என்ன செய்தது? கைவசம் இருந்தவற்றைச் சோதித்து, தேறியவற்றுக்குக் கிரேக்க எழுத்தான சிக்மாவை இரட்டையாகப் பொறித்தது. தேறாதவற்றை எறியவில்லை, '16 பிட் மென்பொருளுக்கு மாத்திரம்' என்று முகத்தில் குத்தி விற்றது. இன்று அந்தக் குத்து விழுந்ததைத்தான் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். பென்டியத்திலும் இதே கதை. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, தன் கணினி வகுத்தலில் பிழைவிடுவதைக் கண்டுபிடித்தார். உள்ளே 1,066 பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணையில் ஐந்து விடுபட்டுப்போயிருந்தன. ஐந்தே ஐந்து. மாற்றிக்கொடுப்பதற்காக இன்டெல் 47.5 கோடி டொலரை ஒதுக்கவேண்டியதாயிற்று. 60 முதல் 100 மெகாஹேர்ட்ஸ் வரையான ஆரம்பப் பென்டியங்களில் எது பிழையானது, எது திருத்தப்பட்டது என்பதை 'எஸ்.எக்ஸ்.' என்று தொடங்கும் சிறு குறியீட்டைப் பார்த்துத்தான் அறியலாம். அந்த 60ஐயும் 66ஐயும் பாருங்கள்: மேலே பெரிய பொன் மூடி. முதல் வாளியில் முதலாவதாக விழுவது அதுதான்.

நம் பக்கத்துக் குப்பையை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தாய்வானின் யூ.எம்.சி. கம்பனி 1990களின் நடுப்பகுதியில் 486க்கு நிகரான ஒரு புரொசசரைச் செய்தது. இன்டெல் வழக்குத் தொடுத்தது. அந்தச் சில்லின் முகத்திலேயே, 'அமெரிக்காவில் விற்பதற்கோ இறக்குமதி செய்வதற்கோ அன்று' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி உண்டு. அமெரிக்கக் குப்பையில் அது கிடைப்பது அரிது. ஆசியாவின் மலிவுக் கணினிகளில் வந்தது, நம்மிடம் வந்தது. முகத்தில் எழுதியே வைத்திருக்கிறான். நாம் வாசிக்கவில்லை.

இந்தியாவிலும் இப்படி ஒரு கதை உண்டு. மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய அரசாங்கத்தின் செமிகண்டக்டர் கொம்ப்ளெக்ஸ், 1989 பெப்ரவரியில் தீக்கிரையானது. தீக்கு முந்திய அதன் முத்திரை கொண்ட எந்தச் சில்லையும், அது எவ்வளவு அற்பமான வேலைக்கானதாக இருந்தாலும், தெற்காசியாவில் வாழும் ஒருவன் உருக்குவது பாவம் என்பேன். சோவியத் ஒன்றியம் இன்டெல் 8080ஐப் பார்த்துச் செய்த சில்லை எழுத்துத் தெரியாமலே அடையாளம் காணலாம். அவர்கள் மெட்ரிக் அளவுக்காரர்கள். அமெரிக்கச் சில்லில் கால்களுக்கிடையே 2.54 மில்லிமீற்றர், சோவியத்துச் சில்லில் 2.5. ஒரு பக்கத்து இருபது கால்களைக் கடந்து வரும்போது முக்கால் மில்லிமீற்றர் பிசகிவிடும். கையால் அழுத்தும்போதே குழியில் இறங்க மறுக்கும்.

'மலாய்' என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் இன்டெலின் ஏராளமான சில்லுகளின் அடிப்புறத்தில் உண்டு. சேகரிப்பாளர்கள் அதைச் சாதாரணமானது என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. 1972இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது. நுண்ணோக்கியின் கீழ் முடியினும் மெல்லிய கம்பியைச் சில்லுக்கும் காலுக்கும் இடையே பொருத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். பெண்களின் விரல்தான் இதற்கு வாய்ப்பு என்று முதலாளிமார் சொன்னார்கள். இந்த வசனத்தை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பசறையிலும் நமுனுகுலையிலும் கொழுந்துக் கூடையைச் சுமந்தவளைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். ஒரே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஒரு பகுதியினர் இலங்கைக்கும் இன்னொரு பகுதியினர் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். பினாங்கிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்கள், தத்தம் வீட்டு மூத்த பெண்களிடம் அந்த ஆலைகளைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்தால், எந்த அரிய சில்லைவிடவும் அது பெரிய சேகரம்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990களில் மெதுவான பென்டியத்தின் முகத்தைச் சுரண்டி, வேகமானதன் இலக்கத்தை அச்சிட்டு விற்றது ஆசியச் சந்தையெங்கும் நடந்தது. 486 பலகைகளில் உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்திக் கட்டிகளைக் 'கேஷ்' நினைவகம் என்று பொருத்தி விற்றவர்களும் இருந்தார்கள். (அந்தக் கட்டிகளையும் இப்போது சேகரிக்கிறார்கள், திருட்டுக்கும் அருங்காட்சியக மதிப்பு உண்டு.) பழைய சில்லுகளுக்கு விலை ஏறியதும் இந்த வித்தை திரும்பிவிட்டது. சுரண்டிய முகத்தில் சாய்வாக வெளிச்சம் விழச்செய்தால் ஒரே திசையில் கீறல்கள் தெரியும். முதலாம் காலைக் காட்டும் சிறு குழிக்குள் புதுப் பூச்சு இறங்கியிருக்கும். இன்டெலின் பழைய சின்னத்தில் 'ஈ' எழுத்து கீழே இறங்கி நிற்கும். 2006 தொடக்கத்தில் அந்தச் சின்னம் கைவிடப்பட்டது. இறங்கிய எழுத்தோடு 2009ஆம் ஆண்டுத் திகதி இருந்தால் பணத்தை எடுக்குமுன் யோசியுங்கள்.

இதுவரை சொன்னது முகத்தை வாசிப்பது. சேகரிப்பாளர்களோடு எனக்கு உள்ள சண்டை இனித்தான் தொடங்குகிறது.

அவர்களுக்கு அரியது என்றால் எண்ணிக்கையில் குறைந்தது. நான் இதை முழுமையாக ஏற்கவில்லை. 1976இல் வந்த ஸைலொக் இசட்-80 புரொசசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 வரை, நாற்பத்தெட்டு வருடம் செய்துகொண்டே இருந்தார்கள். மணலைப் போல் மலிந்தது. ஆனால் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டு மேசையில் 1980களின் முற்பகுதியில் இருந்த கேப்ரோ கணினிக்குள்ளும் இதே இசட்-80தான் இருந்தது. அதைக் கொண்டுதான் தொலைபேசிக் கம்பி வழியாக அவர் ஹொலிவூட் இயக்குநர் பீற்றர் ஹையம்சுடன் ஒரு திரைப்படத்தைப் பற்றிக் கடிதமாடினார். அந்தக் கடிதங்கள் 1984இல் நூலாகவும் வந்தன. அந்தச் சில்லைக் கழற்றி வாளியில் போட்டால் மற்ற இசட்-80களிலிருந்து வேறுபடுத்திக் காட்ட எந்தக் குறியும் இல்லை. இடம் போய்விட்டால் பொருளும் போய்விட்டது.

தோட்டத்துக் கணினிகளுக்கு இதுவே நடக்கிறது. 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நான் கண்டவரையில் அதற்குப் பின்னர்தான் ஊவாவின் தோட்டக் கந்தோர்களுக்குக் கணினி வந்தது. பெரிய கிளாக்கர் கையால் எழுதிய செக்ரோல், ஒரு 386இன் அல்லது 486இன் உள்ளே போனது. கொழுந்து நிறை, பெயர் விழுந்த நாட்கள், முற்பணக் கழிவு, சங்கச் சந்தா எல்லாம் அந்தச் சில்லின் வழியாகக் கூட்டிக் கழிக்கப்பட்டன. 'கணக்குப் பிழை துரை' என்று வந்து நின்ற பெண்ணிடம், 'கணினி பிழைவிடாது' என்று சொல்லப்பட்டதைப் பல லயங்களில் கேட்டிருக்கிறேன். கணினி பிழைவிடும் என்பதற்கு 386இன் முகத்திலேயே அத்தாட்சி குத்தியிருந்தது என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

நாம் ஒருமுறை இழந்தவர்கள். காப்பிக் காலத்தில் கொழும்பின் வணிகக் கம்பனிகள் கூலிக் கணக்குக்காக வெளியிட்ட வில்லைகளை லௌஸ்லி என்ற ஆங்கிலேயர் அட்டவணைப்படுத்தி, 1895இல் இலங்கை நாணயங்கள் பற்றிய தம் நூலில் சேர்த்தார். அவற்றைக் கையில் வாங்கிய தொழிலாளி எழுதிய அட்டவணை ஒன்றும் நம்மிடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவன் தன் அடையாளத்தைத் தன்னால் வாசிக்க முடியாத ஒரு தகரத்தில் சுமந்து வந்தான். அந்த வில்லையும் இன்று சேகரிப்பாளர் பண்டம். 1948இல் குடியுரிமை போனபின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடர்ச்சியாக வசித்ததை நிரூபிக்கத் தாள் தேடி அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பதிவு இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடையிலுள்ள தூரம் எங்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

'லயத்தில் ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் பழைய சில்லைப் பற்றி எழுத வந்துவிட்டாயே' என்று கேட்பவர்கள் கேட்கட்டும், கேட்கவேண்டிய கேள்வி. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எழுதியவன் நான். கூரையைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் கூரைக்கும் சில்லுக்கும் போட்டியே இல்லை. சில்லை உருக்கிய பணத்தில் எந்த லயத்துக்கும் கூரை வரவில்லை. உரப்பையைக் கிலோ கணக்கில் வாங்கியவன், அதனுள்ளிருந்த ஒன்றைத் தனியாக எடுத்து, வாங்கிய விலையின் நூறு மடங்குக்கு வெளிநாட்டுக்கு விற்கிறான் என்றால், அந்த வேறுபாடு முழுவதும் அந்தப் பையனின் அறியாமைக்குக் கிடைத்த விலை. கொழுந்தின் விலையைக் கொழுந்து பறிப்பவள் அறியாதிருந்ததால் யார் வாழ்ந்தார்கள் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று.

2023இல் மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் தப்பும் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. வைக்கவேண்டியவைதாம். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த உருளைகளையும் உலர்த்திகளையும் பெயர்த்தகட்டோடு துடைத்து வைத்திருக்கிறார்கள். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், லயன் அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. ஒரு தோட்டத்தின் செக்ரோல் கணினி, அதன் புரொசசரோடும் அச்சியந்திரத்தோடும் கடைசிச் சம்பளத் துண்டோடும் அப்படியோர் இடத்தில் இருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இருக்கிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு விடுமுறைக் காலத்தில் பத்துப் பேர் பத்துத் தோட்டக் கந்தோர்களின் களஞ்சிய அறைகளைத் திறந்து பார்த்து, இருப்பதைப் படமெடுத்து எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? பஸ் கட்டணமும் மதியச் சோறும்.

கம்பனி முதலாளிமாருக்கு ஒன்று. கழிவாக ஏலம் விடுமுன் ஒரு பட்டியல் போடுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் கணினி. வன்தட்டை அழிப்பது உங்கள் உரிமை. அதிலிருக்கும் தொழிலாளரின் விபரங்களைப் பாதுகாப்பது உங்கள் கடமையுமாகும். ஆனால் பெட்டியின் பக்கத்தில் கம்பனி ஒட்டிய சிறு இலக்கச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

கையில் ஒன்று அகப்பட்டவர்களுக்கு: கழற்றுமுன் பலகையோடு ஒரு படம் எடுங்கள். முகத்தின் எல்லா வரிகளையும், அடிப்புறத்தின் எல்லா வரிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். 'ஈ.எஸ்.' என்றோ, 'கியூ' எழுத்தோடு நான்கு இலக்கம் என்றோ, 'இன்டெல் இரகசியம்' என்ற பொருள்படும் சொற்களோ இருந்தால் அது விற்பனைக்கு முந்திய மாதிரி. அவசரப்பட்டு எவருக்கும் கொடுக்கவேண்டாம். கால்களை நிமிர்த்த முயலவேண்டாம், பழைய உலோகம் முறிந்துவிடும். பழைய கறுப்புப் பஞ்சில் குத்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நாட்பட அந்தப் பஞ்சு உக்கிக் கால்களை அரிக்கும். பொன் மூடி மங்கியிருக்கிறது என்று குத்துவிளக்கைப்போல் புளிபோட்டு விளக்கவேண்டாம். முதலில் போவது அழுக்கல்ல, எழுத்து.